ஏழரை மணி பஸ்

பயணிகள் சங்கத்தின் வட்டாரக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். ஒரு முறை கடலூரில், அடுத்த முறை சிதம்பரத்தில். கடலூர் என்றால் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபக்காரர் சும்மா திறந்து விடுவார். சிதம்பரம் என்றால் தெற்கு வீதியில் ஒரு ட்யூஷன் சென்டரின் மாடி. அங்கே ஃபேன் ஒன்றுதான். அதன் கீழே யார் உட்காருவது என்பதில்தான் கூட்டம் தொடங்கும்.

பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆண்கள். தலைவர் நாற்பது வருஷம் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக பஸ்ஸிலேயே திரிந்தவர். எந்த ஊருக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமல் சொல்வார். இன்னொருவரை நாங்கள் ரயில்காரர் என்போம். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல. எக்ஸ்பிரஸ் ஒன்று நம் ஊரில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முக்கால் மணி நேரம் பேசுவார், அதனால் அந்தப் பேர்.

என் வேலை தீர்மான நோட்டில் எழுதுவது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முதல் கூட்டத்திலேயே நோட்டை என் பக்கம் தள்ளினார்கள். அடுத்த கூட்டத்தில் இணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மனு எழுதுவதும் என் தலையில் விழுந்தது.

நான் சங்கத்துக்குப் போனது பெரிய லட்சியம் எதுவும் வைத்துக்கொண்டு அல்ல. எங்கள் ஊர் புவனகிரிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. காலை ஏழரைக்கு ஒரு டவுன் பஸ் வந்து சிதம்பரம் போகும். அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் ஆபீஸ் கிளார்க். கொரோனாவில் நின்ற அந்த பஸ், எல்லாம் திறந்த பிறகும் வரவில்லை. என் வீட்டுக்காரர் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில்லில் இருக்கிறார். அவர் வண்டி எடுத்துக்கொண்டு எனக்கு எதிர்த்திசையில் போகிறவர். எனக்கு ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டு வயதில் அது எனக்கு வரவில்லை. இரண்டு தடவை வாய்க்காலில் இறக்கியபின் அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அதனால் நடந்தேன். வெயில் காலத்தில் நடப்பது பழகிவிட்டது. மழைக்காலம்தான் பழகவில்லை. ஒரு கார்த்திகை மாதம் ரோட்டோரச் சேற்றில் வழுக்கி விழுந்து, முட்டி வீங்கி, க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஒரு மாதம் நடந்தேன். அந்த மாதத்தில்தான் யாரோ சொல்லி சங்கத்துக்குப் போனேன்.

பயணிகள் கூட்டத்துக்குப் போவதற்கே பஸ் கிடைக்காது. கடலூரில் பத்து மணிக்குக் கூட்டம் என்றால், ஊரிலிருந்து நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, புவனகிரியில் நின்று, நேர் வண்டி வராமல் குறிஞ்சிப்பாடி சுற்றிப் போகிற வண்டியில் நின்றுகொண்டே போய்ச் சேர பதினொன்று ஆகிவிடும். போனதும் ஆரம்பத்திலிருந்து நோட்டை எழுதச் சொல்வார்கள். முதல் ஒரு மணி நேரம் பேசியதை யாரும் மறுபடி சொல்ல மாட்டார்கள். நானே யூகித்து எழுதுவேன். பெரும்பாலும் ரயில்தான், அதனால் யூகம் தப்பியதில்லை.

மூன்று வருஷம் மனு கொடுத்தோம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம், தபாலில் அனுப்பினோம், மந்திரி வந்தபோது கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போய்க் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ரசீது வந்தது. "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற வரியை நான் தூக்கத்தில்கூட எழுதுவேன். சிதம்பரத்துக் கூட்டம் ஒன்றுக்கு போக்குவரத்து அதிகாரி ஒருவரை அழைத்து வந்தார் தலைவர். நல்ல மனிதர்தான். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் களைத்துப் போயிருந்தார்.

"மேடம், நீங்க எழுதியிருக்கறது எல்லாம் கரெக்ட்டு. வண்டி இருந்தா வுட மாட்டமா? டிரைவரே பத்தல. லீவு கேட்டா குடுக்க முடியாம நான் தவிக்கறேன்" என்றார். எங்கள் டீயைக் குடித்துவிட்டு, மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், பஸ் வந்துவிட்டது. முதல் நாள் இரவுதான் போனில் சொன்னார்கள். காலையில் ஊரே ரேஷன் கடை முன்னால் நின்றது. எங்கள் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் (ஊருக்கே அவர் மாமா) சாமந்தி மாலை வாங்கி வந்து பஸ்ஸின் முகப்பில் கட்டினார். டிரைவருக்குத் துண்டு போர்த்தினார்கள். சந்தனம் பூசினார்கள்.

"நம்ம புள்ள சாதிச்சிடுச்சி பாத்தியா" என்று மாமா எல்லாரிடமும் என்னைக் காட்டிச் சொன்னார்.

எனக்கு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கால் வலிக்காமல் வேலைக்குப் போகிறோம் என்று மட்டும் இருந்தது. அந்த முதல் வாரம் பஸ்ஸில் மீன் வாடை அடித்தது. காலேஜ் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாமா கண்டக்டரிடம், "யப்பா, வண்டிய ஒருவாட்டி நல்லா கழுவிக் கொண்டாங்கப்பா" என்றார். கழுவினார்கள். வாடை போய்விட்டது. அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை.

வைகாசியில் கடலூர்க் கூட்டம். அந்த முறை சங்கத்துக்கு ஒரு வெற்றி கிடைத்திருந்ததால் எல்லாருக்கும் கொஞ்சம் தெம்பு. ரயில்காரர்கூட இருபது நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். தலைவர் என்னைப் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் வந்ததில் முகம் கருத்து வேர்த்திருந்தது.

"பஸ்ஸு வாங்கிக் குடுக்கற சங்கம் இதுதானுங்களா?"

"வாங்கிக் குடுக்கறதில்லம்மா. கேக்கறோம், அவ்ளோதான். செருப்ப அங்கயே போட்டுட்டு உள்ள வந்து உக்காருங்க" என்றார் தலைவர்.

அந்த அம்மா பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்திலிருந்து வந்திருந்தார். மூன்று வண்டி மாறி வந்ததாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டுப் பேசினார்.

"எங்க குப்பத்துக்கு காலையில ஏழரைக்கு ஒரு வண்டி வரும். நாங்க ஒரு பதினஞ்சி பொம்பளைங்க, கரையில மீன் எடுத்துக்கினு அதுலதான் சிதம்பரம் போவோம். பொங்கலு முடிஞ்சதும் நிறுத்திட்டாங்க. இப்ப அன்னக்கூடைய தலையில வச்சிக்கினு மெயின் ரோடு வரைக்கும் நடக்கறோம். ஐஸு உருகிப்போவுது. வர்ற வண்டியிலயும் கூடைய ஏத்த மாட்டேங்கறாங்க."

"ஏன் நிறுத்துனாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் தலைவர்.

"எங்க வண்டி கண்டக்டர் தம்பிய மார்க்கெட்டாண்ட பாத்தேன். அவருதான் சொன்னாரு. அந்த வண்டிய வேற ஊருக்கு வுட்டுட்டாங்கம்மா, அங்க யாரோ சங்கத்துல எழுதிப் போட்டு வாங்கிட்டாங்கன்னு. சரி, அப்ப நாமளும் அந்த சங்கத்தையே புடிப்போம்னு விசாரிச்சிக்கினு வந்தேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். 'குப்பத்துக்கான காலைப் பேருந்து நிறுத்தப்பட்டது குறித்து உறுப்பினர் அல்லாத ஒருவர் முறையிட்டார்' என்று எழுதியிருந்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மூன்று வருஷமாக வண்டி இல்லை, டிரைவர் இல்லை என்றவர்களுக்கு ஒரே வாரத்தில் வண்டி எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு தரம்கூடக் கேட்டிருக்கவில்லை.

மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வந்தது. அந்த அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தோம். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே வேறு பெண் இல்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். சாப்பிட முடியவில்லை.

"அந்த எழுதிப் போட்டது நான்தாங்க" என்றேன்.

அவர் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார்.

"எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"எத்தினி நாளு பஸ்ஸு இல்லாம இருந்தீங்க?"

"மூணு வருசம்."

"நாங்க நாலு மாசந்தான் ஆவுது" என்றார். கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "நல்லா எழுதியிருப்ப போலருக்குது. எனக்கும் அதே மாதிரி எழுதிக் குடு" என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். என் முட்டியைக் காட்டியிருக்கலாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டத்தில் விவாதம் நடந்தது. ஒரே சங்கம் ஒரே வண்டியை இரண்டு ஊருக்கும் கேட்டு மனு கொடுத்தால் சிரிப்பார்கள் என்றார் ரயில்காரர். குப்பத்துக்குக் 'கூடுதல் பேருந்து' என்று கேட்கலாம் என்று தலைவர் சொன்னார். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். கூடுதல் என்று எழுதினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு இன்னொரு மூன்று வருஷம்.

இரண்டு வாரம் கழித்து அரை நாள் லீவு போட்டு, அந்த அம்மாவோடு அதிகாரியைப் பார்க்கப் போனேன். மனுவை வாங்கிப் படித்தார். என்னை நினைவு வைத்திருந்தார்.

"கூடுதலுக்கு வழியே இல்ல மேடம். இருந்தது ஒரு வண்டி, ஒரு டிரைவர். உங்க சங்கத்துலேருந்து தொடர்ந்து லெட்டர் வந்துச்சி, குப்பத்துலேருந்து ஒரு லெட்டர்கூட வந்ததில்ல. மேல கேட்டாங்க, மாத்திட்டேன். இப்ப நீங்களே அவுங்கள கூட்டிக்கினு வந்து நிக்கறீங்க." அவர் குரலில் கோபமில்லை. "ரெண்டு ஊரும் பேசி ஒரு டைம் எழுதிக் குடுங்க. வண்டி ஒண்ணுதான். ஓட முடியற மாதிரி இருந்தா நான் போட்டுக் குடுக்கறேன்."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்கு முன்னால் உட்கார்ந்து நானும் அந்த அம்மாவும் கணக்குப் பார்த்தோம். மனுவின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். குப்பத்துக்கு ஏழரை, பிறகு எங்கள் ஊர் என்றால் எங்களுக்கு ஒன்பது ஆகிவிடும். ஸ்கூல், காலேஜ், ஆபீஸ் எல்லாம் போச்சு. எங்கள் ஊர் முதலில் என்றால் ஆறு மணிக்கு.

"நீங்க கொஞ்சம் சீக்கிரம் ஆறு மணிக்குப் போக முடியாதாங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கு இன்னா, நாலு மணிக்குக்கூட போவேன். படகு வரணுமேம்மா. கரைக்கு வந்து, ஏலம் விட்டு, பிரிச்சி எடுக்கவே ஏழாயிடுது. கடல்ல போறவனுக்கு நாம டைம் சொல்ல முடியுமா?"

படகின் நேரத்தை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது எங்கள் நேரம்தான். அதைத் தெரிந்துகொள்ள ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. ஊரில் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

தண்ணீர் டாங்கிக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூடினார்கள். நடந்ததை எல்லாம் சொன்னேன். குப்பத்து வண்டியைத்தான் நமக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றதும் சிலர் 'அய்யோ பாவம்' என்றார்கள். ஆறு மணி என்றதும் அந்த இரக்கம் போய்விட்டது.

"கஷ்டப்பட்டு வாங்குன வண்டிய நீயே தூக்கிக் குடுப்பியா?" என்றார் மாமா.

"தூக்கிக் குடுக்கல மாமா. ஆறு மணிக்கு வரும். அவுங்களுக்கும் போவும்."

"ஆறு மணிக்கு எவன் போறது? கோழிதான் போவணும்."

சிலர் சிரித்தார்கள். எங்கள் தெருவில் நான்காவது வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. அவளுடைய இரண்டு பெண்களும் சிதம்பரத்தில் படிக்கிறார்கள். "யக்கா, உனக்கு ஒரு ஆளுக்குத்தான் சோறு கட்டணும். நான் மூணு பேருக்குக் கட்டணும். நாலு மணிக்கு எந்திரிச்சது போயி, இனிமே மூணு மணிக்கு எந்திரிக்கணுமா? ஆறே முக்காலுக்கு எறங்கி என் புள்ளைங்க பஸ் ஸ்டாண்டுல நிக்கணுமா?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். எனக்காக யாராவது குப்பத்தில் போய் இப்படிக் கேட்டிருந்தால் அங்கேயும் இதே நியாயம் இருந்திருக்கும்.

சித்தாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள், ஆறு மணி கேட்டு நான் எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு ஆறு மணிதான் சௌகரியம். ஏழரை வண்டியில் அவர்கள் ஏறியதே இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். மற்றவர்களில் பாதிப் பேர் போட்டார்கள், பாதிப் பேர் எழுந்து போனார்கள். மாமா போடவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை மேஜைமேல் வைத்தேன். வீட்டுக்காரர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

"உன்னய எத்தினி மணிக்கு எழுப்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆடி மாதத்திலிருந்து பஸ் எங்கள் ஊருக்கு ஆறு மணிக்கு வருகிறது. எங்களைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டு, டிரைவர் ஒரு டீ குடித்துவிட்டு, ஏழரைக்குக் குப்பத்தில் போய் நிற்கிறார். பள்ளிக்கூடம் எட்டரைக்குத்தான் திறக்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்தை நான் சிதம்பரத்தில் எங்கேயாவது கழிக்க வேண்டும். முதலில் கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கீழ வீதிப் பக்கம் நடந்து போய்க் கோவில் வாசலில் உட்கார்ந்தேன். அங்கே எல்லாரும் ஏதோ வேண்டுதலோடு வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையின் படியில் உட்காருகிறேன்.

நான்காவது வீட்டுப் பெண் என்னோடு பேசுவதில்லை. அவள் மகள்களை ஷேர் ஆட்டோவில் அனுப்புகிறாள். அது ஒரு செலவு, நான் வைத்த செலவு. தெருவில் எதிரே வந்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். மூன்று வருஷத்தில் சம்பாதித்த நல்ல பேர் ஆறு மாதத்தில் போய்விட்டது.

குப்பத்து அம்மா அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு தடவை மார்க்கெட்டில் பார்த்தேன். முன்னால் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கை ஓயாமல் மீன் ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சங்கத்தை விட்டு விலகிவிடுகிறேன் என்று தலைவரிடம் கடிதம் கொடுத்தேன். "அடுத்த கூட்டத்துல வைக்கறேன்மா" என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டம் சிதம்பரத்தில். அஜெண்டாவில் கடைசியாகப் போட்டிருந்தார். ரயில் பற்றிப் பேசியே நேரம் முடிந்துவிட்டது. அதற்கடுத்ததிலும் அப்படியே. இதுவரை அந்தக் கடிதம் எடுக்கப்படவில்லை. என் ராஜினாமா விவாதத்துக்கு வரவில்லை என்பதையும் நோட்டில் நான்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் ஆறு மணிக்கு ரேஷன் கடைப் பக்கம் போனபோது மாமா நின்றுகொண்டிருந்தார். மப்ளர் சுற்றி, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருந்தார். பஸ் வந்தது. அவர் ஏறி, இடம் தேடி, கடைசியில் என் பக்கத்து சீட்டிலேயே உட்கார வேண்டியதாயிற்று. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

"வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. சுகரு. ஏழு மணிக்கே வரச் சொல்லிட்டாங்க" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"டெஸ்ட்டு முடிஞ்சதும் எதாவது சாப்டுடுங்க மாமா."

"ம்."

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. கீழே தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் முழுதாக விடியவில்லை.

"அந்த ஜன்னல சாத்து. குளிருது" என்றார்.

சாத்தினேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவரும் கை கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.